வாயில் கரண்டி, காதில் டிரம்பெட்: ஜாஸ் பிரஞ்சுக்குப் போவது அவமரியாதையா?

வாசகர் கேள்வி, 2 மார்ச் 2024

ஏப்ரலில் குடும்பத்தோடு நியூ ஆர்லியன்ஸ் போகிறோம். பார்க்கிறவர்கள் எல்லாம் ஜாஸ் பிரஞ்சுக்குப் போகாமல் வந்துவிடாதே என்கிறார்கள். ஜாஸ் இசையைக் கேட்டுக்கொண்டே காலைச் சாப்பாட்டையும் மதியச் சாப்பாட்டையும் ஒன்றாக முடிக்கிற பிரஞ்ச் அது. எனக்கு மனம் ஒப்பவில்லை. ஒருவர் உயிரைக் கொடுத்து வாசித்துக்கொண்டிருப்பார், நாம் எதிரே உட்கார்ந்து முட்டையைப் பிய்த்துத் தின்போமா? கச்சேரியில் பக்கத்து சீட்டுக்காரர் முறுக்கைக் கடித்தாலே முறைக்கிற ஆள் நான். இது கலைஞருக்குச் செய்யும் அவமரியாதை. இல்லை என்பவர்கள் காரணம் சொல்லட்டும்.

3 மார்ச், ஞாயிறு இரவு

இல்லை. காரணம் சொல்கிறேன்.

நான் இருப்பது ஹூஸ்டனில். ஐ-10 சாலையில் கிழக்கே ஆறு மணி நேரம் ஓட்டினால் நியூ ஆர்லியன்ஸ். நடுவில் அட்சஃபலயா சதுப்பு நிலத்தின் மேல் 18 மைலுக்கு ஒரே பாலம், இரண்டு பக்கமும் தண்ணீரில் நிற்கும் மரங்கள். பதினோரு வருஷத்தில் அந்தப் பாலத்தை எத்தனை தடவை தாண்டியிருப்பேன் என்று கணக்கில்லை. பாதிக்கு மேல் பிரஞ்சுக்காகத்தான்.

முதல் தடவை போனது 2017-இல், கார்டன் டிஸ்ட்ரிக்டில் உள்ள கமாண்டர்ஸ் பேலஸுக்கு. நீலமும் வெள்ளையுமாகக் கோடு போட்ட பெரிய வீடு, எதிரே பழைய கல்லறைத் தோட்டம். மேஜைக்கு மேஜை பலூன் கட்டியிருந்தார்கள், பிறந்தநாள் வீட்டுக்கு வந்துவிட்டோமோ என்று நினைத்தேன். மேடை எங்கே என்று தேடினேன். மேடையே கிடையாது. மூன்று பேர் வாத்தியத்தோடு மேஜை மேஜையாக நடந்து வருகிறார்கள்: ஒரு டிரம்பெட், ஒரு கிட்டார், ஆள் உயரத்துக்கு ஒரு பாஸ், அதாவது நிறுத்திவைத்து வாசிக்கிற பெரிய தந்தி வாத்தியம்.

எங்கள் மேஜைக்கு வந்தபோது என் தட்டில் கிரிட்ஸ் இருந்தது. கிரிட்ஸ் என்றால் மக்காச்சோள ரவையில் செய்த உப்புமா, அவ்வளவுதான். மேலே வெண்ணெய், இறால். நான் உங்களைப் போலவே வளர்ந்தவன். கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டேன். டிரம்பெட்காரர் வாத்தியத்தை வாயிலிருந்து எடுத்து, கிரிட்ஸ் ஆறினால் சிமெண்ட் ஆகிவிடும், சாப்பிடுங்கள் என்றார். கிட்டார் நிற்கவே இல்லை. அடுத்த வரியை எடுத்து ஊதினார், நான் சாப்பிட்டேன்.

அவரே சொன்னபிறகு அவமரியாதை யாருக்கு?

இன்னொன்று, அங்கே மார்ட்டினி 25 சென்ட். ஞாயிற்றுக்கிழமை காலையில் 25 சென்ட்டுக்கு மார்ட்டினி கொடுக்கிற ஊரில் இவ்வளவு யோசிக்கக் கூடாது.

3 மார்ச், அரை மணி கழித்து

மேலே எழுதியதை வீட்டில் படித்துக் காட்டினேன். தப்பு செய்துவிட்டேன். "உப்புமாவா? கடுகு எங்கே, கறிவேப்பிலை எங்கே? அது கெட்டியாப் போன சோளக்கூழு" என்று தீர்ப்பு வந்திருக்கிறது. தீர்ப்பு சொன்னவர் தர்மபுரிக்காரர், கூழ் விஷயத்தில் நான் வாய் திறப்பதில்லை. கிரிட்ஸ் = கெட்டியான சோளக்கூழ். திருத்திக்கொள்ளுங்கள்.

5 மார்ச்

மார்ட்டினி பற்றி மூன்று பேர் சண்டைக்கு வந்துவிட்டார்கள். அவர்கள் சொல்வதுதான் சரி. 25 சென்ட் மார்ட்டினி வார நாட்களின் மதியச் சாப்பாட்டுக்கு மட்டும், அதுவும் ஆளுக்கு மூன்றுக்கு மேல் தர மாட்டார்கள். நான் இன்னொரு பயணத்தில் ஒரு வெள்ளிக்கிழமை போனதையும் ஞாயிறு போனதையும் போட்டுக் குழப்பிவிட்டேன். மூன்று மார்ட்டினி குடித்தவன் சாட்சி இப்படித்தான் இருக்கும். பிரஞ்சுக்கு அங்கே குடிப்பது மில்க் பஞ்ச்: பாலும் பிராந்தியும் சர்க்கரையும், மேலே ஜாதிக்காய்த் தூள். பார்க்கக் குழந்தைக்குக் கொடுக்கிற பால் மாதிரிதான் இருக்கும். நம்ப வேண்டாம்.

9 மார்ச்

கேட்டவர் பதில் போட்டிருக்கிறார்: "ஒரு டிரம்பெட்காரர் பெருந்தன்மையாகச் சொன்னார் என்பதற்காக அது சரியாகிவிடுமா?" நியாயமான கேள்வி. அதனால் கொஞ்சம் பழைய கதை.

பிரஞ்ச் என்ற சொல்லை 1895-இல் இங்கிலாந்துப் பத்திரிகை ஒன்றில் கை பெரிஞ்சர் என்பவர் எழுதினார். ஞாயிறு காலை தாமதமாக எழுகிறவர்களுக்குப் பரிந்துபேசி எழுதிய கட்டுரை. ஆனால் சாப்பாடு சொல்லுக்கு முந்தியது. நியூ ஆர்லியன்ஸின் பிரெஞ்சு மார்க்கெட்டில் கசாப்புக்காரர்கள் விடியுமுன்பே வேலையை ஆரம்பித்து, பதினோரு மணிக்குக் கை கழுவும்போது கொலைப்பசியில் இருப்பார்கள். அவர்களுக்காக எலிசபெத் பெகே என்ற ஜெர்மன்காரம்மா பதினோரு மணிக்கு "இரண்டாம் காலை உணவு" போட்டார். ஈரல், ஆம்லெட், ஒயின், காபி என்று நீண்டுகொண்டே போகும் சாப்பாடு. 1884-இல் அந்த ஊரில் நடந்த உலகப் பருத்திக் கண்காட்சிக்கு வந்த வெளியூர்க்காரர்கள் இதைக் கண்டுபிடித்தார்கள். அதன்பிறகு கசாப்புக்காரருக்கு இடம் இல்லை. நல்ல மெஸ் ஒன்று பத்திரிகையில் வந்தால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியாதா.

இசைக்கும் அங்கே ஞாயிற்றுக்கிழமைதான் நாள். அடிமைகளாக இருந்தவர்களுக்கு ஓய்வு கிடைத்தது அன்றைக்கு மட்டும். 1817-இல் நகராட்சி அவர்கள் கூடுவதை ஞாயிறு மதியத்தோடும் ஒரே இடத்தோடும் நிறுத்திவிட்டது. அந்த இடம் காங்கோ சதுக்கம், இன்று லூயி ஆம்ஸ்ட்ராங் பூங்காவுக்குள் இருக்கிறது. தோல் வாத்தியம், ஆட்டம், பாட்டு, பக்கத்திலேயே தின்பண்டம் விற்கிற பெண்கள். பிற்பாடு ஜாஸ் உருவான காலத்தில் பான்சர்ட்ரெயின் ஏரிக்கரை மில்ன்பர்க்கில் ஞாயிறு பிக்னிக்குகளுக்கு பேண்டுகள் போகும். அங்கே ஜனம் நண்டு தின்றுகொண்டேதான் கேட்டது. நடன நிகழ்ச்சிக்கு விளம்பரம் செய்ய பேண்டுக்காரர்கள் வண்டியில் ஏறி ஊர் சுற்றுவார்கள். டிரம்போனின் குழாயை நீட்டி இழுக்க இடம் வேண்டுமென்று அதை வாசிப்பவரை வண்டியின் பின்பலகைப் பக்கம் உட்காரவைப்பார்கள், அந்தப் பாணிக்கே "டெயில்கேட்" (பின்பலகை) என்று பேர் ஆகிவிட்டது.

பிறப்பிலேயே சாப்பாட்டுக்கும் ஆட்டத்துக்கும் சாவு ஊர்வலத்துக்கும் நடுவில் புழங்கிய இசை இது. வாய்மூடிக் கேட்கிற ஜாஸ் பிறகு வந்தது. நீங்கள் சபா மரியாதையைக் கொண்டுபோய் நாதஸ்வரத்துக்குப் போடுகிறீர்கள். கல்யாணத்தில் பந்தி நடக்கும்போது நாதஸ்வரம் வாசித்தால் இலையை மூடிவிட்டு எழுந்திருப்போமா?

10 மார்ச்

இன்று அமெரிக்காவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிய நாள். காலையில் எழுந்தபோது ஒன்பது என்று நினைத்தது பத்து. வருஷத்தில் இந்த ஒரு ஞாயிறு எல்லார் வீட்டிலும் பிரஞ்ச்தான், இசை மட்டும் இல்லை.

17 மார்ச்

ஒரு வாரமாக மனசில் குடைந்துகொண்டிருக்கிறது. 9-ஆம் தேதி எழுதியதில் நாதஸ்வர உதாரணத்தை ஏதோ வெற்றிக்கொடி மாதிரி நாட்டினேன். அதையே திருப்பிப் போட்டால் எனக்கு வலிக்கிறது. கல்யாணப் பந்தியில் வாசித்த நாதஸ்வரக்காரர் எந்தப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார், எந்த ஊரில் தோளில் துண்டு போட அவரை விட்டார்கள் என்ற கதைகள் தஞ்சாவூர்ப் பக்கத்தில் பிறந்த எனக்குத் தெரியும். தெரிந்தும் வசதியாக விட்டுவிட்டேன்.

அங்கேயும் அதே கதைதான். 1964-இல் சிவில் உரிமைச் சட்டம் வரும்வரை நியூ ஆர்லியன்ஸ் இருக்கிற லூசியானா மாநிலத்தின் பெரிய உணவகங்களில் கறுப்பின மக்களுக்கு மேஜை கிடையாது. வாசிக்கப் போகலாம், பரிமாறப் போகலாம், உட்கார முடியாது. நியூ ஆர்லியன்ஸின் ட்ரெமே பகுதியில் உள்ள டூக்கி சேஸ் உணவகத்தின் மாடியில் கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து உட்கார்ந்து உரிமைப் போராட்டத்துக்குத் திட்டம் போட்டார்கள், அங்கே சமையலைப் பார்த்துக்கொண்ட லியா சேஸ் அம்மா கம்போ என்கிற கெட்டிக் குழம்பைப் பரிமாறினார். ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்டதே அன்றைக்குச் சட்டமீறல். கமாண்டர்ஸ் பேலஸில் அதை நடத்தும் பிரென்னன் குடும்பம் ஜாஸ் பிரஞ்சை ஆரம்பித்தது 1970-களில், இதெல்லாம் சட்டத்தில் ஒழிந்தபிறகு. ஆனாலும் "சாப்பாட்டோடு பிறந்த இசை, எனவே பிரச்சினை இல்லை" என்று நான் முடித்தது அவசரம். கேட்டவருக்கு உறுத்தியது எனக்கும் இப்போது உறுத்துகிறது, ஆனால் இடம் வேறு. நாம் தின்பதில் எனக்கு உறுத்தல் இல்லை. அவர் எங்கே தின்றார் என்பதில்தான்.

இதற்கு மேல் இப்போது எழுத வரவில்லை.

20 மார்ச்

"சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு அங்கே என்ன இருக்கிறது?" என்று ஒருவர். அப்பாடா, எனக்குத் தெரிந்த விஷயம்.

2019-இல் அப்பா கும்பகோணத்திலிருந்து வந்திருந்தார். சுத்த சைவம், முட்டை மட்டும் "டாக்டர் சொன்னதால்" சாப்பிடுவார். பிரஞ்ச் போகலாம் என்றதும் "பிரெஞ்சு டிபனா?" என்றார். நியூ ஆர்லியன்ஸைப் பொறுத்தவரை அது தப்பான கேள்வியும் இல்லை.

சாப்பிடக் கூடியவை: பிஸ்கட் (நம்ம பிஸ்கட் இல்லை, உதிர் உதிராக மெத்தென்று இருக்கும் பன்). முட்டை சேர்ப்பவர்களுக்கு பெனியே (எண்ணெயில் பொரித்துச் சர்க்கரைப் பொடி தூவிய பலகாரம்), பெய்ன் பெர்டு (முட்டையும் பாலும் கலந்ததில் நனைத்துப் பொரித்த ரொட்டி), எக்ஸ் சார்டூ, அதாவது கீரை, ஆர்ட்டிசோக், மேலே முட்டை, அதற்கும் மேலே வெண்ணெய்க் குழம்பு. கிரிட்ஸைக் கேட்டுவிட்டுத்தான் சாப்பிட வேண்டும், சில சமையலறைகளில் கோழிச்சாற்றில் வேகவைப்பார்கள். சிவப்பு பீன்ஸும் சோறும் பார்க்க ராஜ்மா மாதிரியே இருக்கும். உள்ளே பன்றி இருக்கும். பச்சைக் காய்கறியை அங்கே யாரும் தனியாக விடுவதில்லை.

எங்களுக்கு நடந்தது: பிரெஞ்சு குவார்ட்டர் என்கிற பழைய ஊர்ப்பகுதிக்கு வெளியே ஒரு சின்னக் கடை, பேர் வேண்டாம். மூலையில் கிளாரினெட், பாஞ்சோ, பாஸ். அப்பாவுக்குக் கீரை சொன்னோம். இறைச்சி உண்டா என்று இரண்டு தடவை கேட்டேன், இல்லை என்று இரண்டு தடவை சொன்னார்கள். அப்பா முக்கால் கிண்ணம் ரசித்துச் சாப்பிட்டார், "நம்ம முளைக்கீரைக் கடையல் மாதிரி, ஆனா ஒரு புகை வாசனை" என்றார். அந்தப் புகை வாசனையிலேயே நான் சுதாரித்திருக்க வேண்டும். கிண்ணத்தின் அடியில் விரல்நுனி அளவு ஒரு துண்டு, ஓரத்தில் கொழுப்பு, நடுவில் சிவப்பு.

அப்பா பார்த்தார். கரண்டியை மெதுவாகக் கீழே வைத்தார். கைக்குட்டையால் வாயைத் துடைத்தார். எழுந்து போய் வாய் கொப்பளித்துவிட்டு வந்து உட்கார்ந்தார். நான் கத்தத் தயாராக எழுந்தபோது கையைப் பிடித்து இழுத்தார்.

"உக்காருடா. அவர் இன்னும் முடிக்கல."

கிளாரினெட்காரர் தனியாக வாசித்துக்கொண்டிருந்தார். அப்பாவின் கை தொடையில் தாளம் போட ஆரம்பித்தது. தாளம் என்றால் சுத்தமான ஆதி தாளம், தப்பான இடத்தில். கடையே இரண்டிலும் நான்கிலும் கைதட்ட, இவர் ஒன்றிலும் மூன்றிலும் போட்டுக்கொண்டிருந்தார்.

28 மார்ச், பெரிய வியாழன்

மேலே கீரைக் கதையைப் படித்துவிட்டு ஒருவர், "கம்போ ஸெர்ப் சாப்பிடச் சொல்லுங்கள், அது கீரை கம்போ, சைவம்" என்று எழுதியிருக்கிறார். வேண்டாம்! இன்றைக்குத்தான் அதற்கு நாள். ஈஸ்டருக்கு முந்திய இந்த வியாழக்கிழமையில் டூக்கி சேஸில் கம்போ ஸெர்ப் போடுவார்கள், ஜனம் வரிசையில் நிற்கும். கீரை பலவகை, உண்மை. கூடவே கோழி, சாசேஜ், ஹாம் எல்லாம் உண்டு. மறுநாள் புனித வெள்ளி விரதம், அதனால் இன்றைக்கே இறைச்சியைத் தீர்த்துவிடுகிற ஏற்பாடு. பேரைப் பார்த்து ஏமாந்த சைவர்கள் சங்கம் ஆரம்பித்தால் அப்பாவைத் தலைவராகப் போடலாம்.

கம்போ என்ற பேரே ஆப்பிரிக்கப் பாண்டு மொழிகளில் வெண்டைக்காய்க்கு உள்ள சொல்லிலிருந்து வந்தது என்பார்கள். வெண்டைக்காய் வழுவழுப்பில் குழம்பு கெட்டியாகும். இல்லாவிட்டால் சாக்டா பழங்குடியினர் கொடுத்த சஸ்ஸஃப்ராஸ் இலைப்பொடி. எங்கள் வீட்டில் வெண்டைக்காயை வழுவழுப்புப் போக மோர் தெளித்து வதக்குவோம். அவர்கள் அந்த வழுவழுப்புக்காகவே போடுகிறார்கள். தர்மபுரி நீதிமன்றம் இதை ஏற்கவில்லை.

6 ஏப்ரல்

பழைய போனைத் தேடி எடுத்து 2019 வீடியோவைப் பார்த்தேன். மூன்று நிமிஷம் இருபது விநாடி. இரண்டு திருத்தம்.

ஒன்று, நான் கேலி செய்த தாளம். காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு நாலு தடவை கேட்டேன். கைதட்டல் இரண்டிலும் நான்கிலும், அது சரி. ஆனால் பாஸ்காரர் இழுப்பது ஒன்றிலும் மூன்றிலும், பழைய நியூ ஆர்லியன்ஸ் பாணியில் அப்படித்தான். அப்பா தட்டியது பாஸோடு. கூட்டத்தைக் கேட்காமல் அடியில் ஓடுவதைக் கேட்டிருக்கிறார். வீடியோவில் ஒரு இடத்தில் பாஸ்காரர் இவர் தொடையைப் பார்த்துத் தலையாட்டுவதுகூடத் தெரிகிறது. அன்றைக்கு நான் அப்பாவின் கையைப் பிடித்து "இப்படி இல்லப்பா" என்று இரண்டில் தட்டக் காட்டிக்கொடுத்தேன். அதுவும் வீடியோவில் இருக்கிறது. அழித்துவிடலாமா என்று யோசித்தேன்.

இரண்டு, வெளியே வந்து காரில் அப்பா சொன்னது. "திஸ்ரம் மாதிரி சாயுது, ஆனா திஸ்ரத்துல நிக்க மாட்டேங்குது." ஸ்விங் என்று பேர் வைத்துப் புத்தகம் புத்தகமாக எழுதுகிற விஷயம் இது. ஒரு அடியைச் சரிபாதியாகப் பிரிக்காமல் முதல் பாதியை நீட்டி இரண்டாவதைக் குறுக்குவது. நீளமும் குறுக்கமும் ஏறத்தாழ இரண்டுக்கு ஒன்று, அதனால் மூன்றாகப் பிரிக்கிற திஸ்ர வாடை. வேகம் கூடினால் அந்தக் கணக்கும் குலைந்து சமமாகப் போய்விடும். கிளாரினெட்டும் பாஞ்சோவும் நாலு நாலு பார் (தாளச் சுற்று) மாற்றி மாற்றி வாசித்தபோது "தனி விடறாங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அதில் சந்தேகம் இல்லை.

பிறகு காபி. இதை முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். நியூ ஆர்லியன்ஸ் காபியில் சிக்கரி உண்டு. உள்நாட்டுப் போரில் வடக்குக் கடற்படை துறைமுகத்தை அடைத்தபோது காபிக்கொட்டைக்குத் தட்டுப்பாடு, பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து தெரிந்த வேரை வறுத்துக் கலந்தார்கள், போர் முடிந்தும் நாக்கு விடவில்லை. சூடான பாலோடு கஃபே ஒலே. அப்பா ஒரு வாய் குடித்தார். அமெரிக்கா வந்து மூன்று வாரமாகக் காபியைத் திட்டிக்கொண்டிருந்தவர். இன்னொரு வாய் குடித்தார்.

"எழுபதுக்கு முப்பது" என்றார்.

14 ஏப்ரல்

கேட்டவர் நியூ ஆர்லியன்ஸிலிருந்தே எழுதியிருக்கிறார். போய்ப் பார்த்தாராம். சாப்பிட முடியவில்லை, கரண்டியைப் பிடித்தபடியே இருந்தேன், மனைவியும் பையனும் என் தட்டையும் சேர்த்துக் காலி செய்தார்கள் என்கிறார். டிரம்பெட்காரர் எங்கள் மேஜைக்கு வந்தபோது கழிப்பறை அடைப்பு எடுக்கிற ரப்பர் கிண்ணத்தை வாத்தியத்தின் வாயில் மூடித்திறந்து வாசித்தார், இது என்ன கூத்து என்றும் கேட்டிருக்கிறார். கூத்து இல்லை. கடையில் வாங்குகிற அதே ரப்பர் கிண்ணம்தான், பிடியைக் கழற்றிவிடுவார்கள். அதை மூடித் திறந்தால் டிரம்பெட் பேசும், அழும், வாவ்-வாவ் என்று கெஞ்சும். நூறு வருஷப் பழக்கம். முதல்தடவை பார்த்தபோது எங்கள் வீட்டில் மில்க் பஞ்ச் மூக்கில் ஏறியது.

உங்களுக்கு என்று ஒரு இடம் இருக்கிறது ஐயா, ஊரை விட்டுக் கிளம்புமுன் போய்விடுங்கள். செயின்ட் பீட்டர் தெருவில் பிரிசர்வேஷன் ஹால், 1961-இலிருந்து நடக்கிறது. சாப்பாடு கிடையாது. பெஞ்சு, தரையில் மெத்தை, சுவரில் பெயர்ந்த வண்ணம், முக்கால் மணி நேரம் போல வாசிப்பு. யாரும் முறுக்கு கடிக்க மாட்டார்கள். அங்கே விருப்பப் பாட்டு கேட்பதற்கு விலைப்பட்டியலே மாட்டியிருந்தார்கள், "செயின்ட்ஸ்" என்று சுருக்கிச் சொல்கிற "வென் த செயின்ட்ஸ் கோ மார்ச்சிங் இன்" பாட்டுக்குத்தான் மிக அதிக விலை. தினம் தினம் அதையே வாசித்தவர்களின் எரிச்சல் அந்தப் பலகையில் தெரியும்.

மேஜைக்கு வருகிற மூவருக்குப் பணம் எப்படிக் கொடுப்பது என்று பலர் கேட்டீர்கள். ஐந்து டாலர், பத்து டாலர் நோட்டைச் சில்லறையாக வைத்துக்கொள்ளுங்கள், பாட்டு முடிந்ததும் கண்ணைப் பார்த்துக் கையில் கொடுங்கள். பில்லில் போடுகிற டிப்ஸ் பரிமாறுகிறவருக்கு, அது வேறு கணக்கு. போனைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடிக்காதீர்கள். வீடியோவை நான் மேஜை உயரத்தில் வைத்துத்தான் எடுத்தேன், அதனால்தான் அப்பாவின் தொடை தெரிந்தது. கமாண்டர்ஸ் பேலஸுக்கு ஷார்ட்ஸ் போட்டுக்கொண்டு போகாதீர்கள், உள்ளே விட மாட்டார்கள்.

நேற்றிரவு அப்பாவிடம் போனில் அந்தத் தாள விஷயத்தைச் சொன்னேன். நீங்கள் போட்டது சரிதான், நான்தான் தப்பாகக் காட்டினேன் என்று. கொஞ்ச நேரம் பேசவில்லை. லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன்.

"அது எனக்கு அன்னைக்கே தெரியும்டா. புள்ளை ஆசையா சொல்லித் தர்றானேன்னு விட்டேன்."

ஜூனில் வருகிறார். ஞாயிறு பதினோரு மணிக்கு மூன்று பேருக்கு இடம் சொல்லிவிட்டேன். கீரை வேண்டாம் என்று இப்போதே சொல்லிவிட்டார்.